கடன் வாங்கி பிசினஸ் சர்டிபிகேட் கோர்ஸ் சேருமுன் இதைப் படித்துவிடுங்கள்

10 மாதக் கோர்ஸுக்காக 36 மாதக் கடன் வாங்கியவள் நான். 22 தவணை கட்டியாகிவிட்டது. போன வாரம் சித்தி மகள் ஒரு நோட்டீஸை போட்டோ எடுத்து அனுப்பி, "அக்கா, இதுல சேரட்டுமா?" என்று கேட்டாள். அதே மாதிரி கோர்ஸ், அதே மாதிரி வாசகம். பதறிப்போய் அவளுக்குச் சொன்னதையெல்லாம் இங்கேயும் எழுதுகிறேன்.

அலுவலக நிர்வாகம், அடிப்படைக் கணக்கு, கொஞ்சம் மார்க்கெட்டிங். இவைதான் பாடங்கள். பாடம் மோசம் என்று சொல்ல மாட்டேன். கணக்கு எடுத்தவர் பொறுமையாக, நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். நான் ஏமாந்தது வகுப்புக்குள் போவதற்கு முன்பே, அட்மிஷன் மேசையில்.

அங்கே இருந்த பெண் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். நோட்டீஸில் போட்டிருந்த 'சராசரி சம்பளத்தை' என்னையே தட்டச் சொன்னார். அப்புறம் மாதத் தவணையைக் கழிக்கச் சொன்னார். மீதி நின்ற எண்ணைக் காட்டி, "இவ்வளவும் உங்க கையில நிக்கும்மா" என்றார். என் விரல் தட்டிய எண் என்பதால் நானே கணக்குப் போட்டுப் பார்த்ததாக நம்பிவிட்டேன். கடன் கம்பெனி ஆளும் அதே அறையில்தான் இருந்தார். டேப்லெட்டில் விரலால் ஒரு கையெழுத்து, அப்பாவின் ஜாமீன் கையெழுத்து, முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

அந்தச் 'சராசரி'யை முதலில் சொல்கிறேன். பத்துப் பேரில் ஒன்பது பேருக்குச் சம்பளம் 10, ஒருவருக்கு மட்டும் 60 என்று வையுங்கள். சராசரி 15 வரும். அந்த 15-ஐ வாங்குகிறவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. வேலையே கிடைக்காதவர்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அது இன்னும் ஏறும். நான் கேட்டிருக்க வேண்டியது, வரிசையில் நடுவில் நிற்பவருக்கு என்ன சம்பளம், எத்தனை பேருக்கு வேலையே இல்லை என்பதைத்தான்.

அடுத்தது வட்டி. "மாசம் நூத்துக்கு ஒண்ணுதான், வருஷத்துக்கு 12 சதவீதம்" என்றார்கள். அது பிளாட் வட்டி என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. நாம் அசலைக் கட்டக் கட்டக் குறையாமல், கடைசி மாதம் வரை முழு அசலுக்கும் போடுகிற வட்டி அது. 3 வருடத்துக்கு 12 சதவீத பிளாட் வட்டி என்றால், குறையும் அசலுக்கான வட்டிக் கணக்கில் சுமார் 21 சதவீதம். 100 வாங்கினால் 136 கட்ட வேண்டும்.

பாதியில் நின்றுவிடலாமா என்று நான்காம் மாதம் யோசித்தேன். முடியவில்லை. கடன் பணம் என் கைக்கு வராமல் நேராக நிறுவனத்துக்குப் போயிருந்தது. "ரீஃபண்ட் காலம் முடிஞ்சுடுச்சு" என்றது நிறுவனம். "நீங்க படிக்கிறதும் படிக்காததும் எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்றது கடன் கம்பெனி. இரண்டு ஒப்பந்தமும் தனித்தனி. ஒன்றை நிறுத்தினால் மற்றது நிற்காது.

படிப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து பிளேஸ்மென்ட் என்று ஒரு வேலை கொடுத்தார்கள். இரண்டே மாத ஒப்பந்தம், டேட்டா என்ட்ரி. அது முடிந்து வீட்டில் இருந்தபோதுதான் ஒரிஜினல் சான்றிதழ் வாங்கப் போனேன். வரவேற்பறைச் சுவரில் வேலை கிடைத்தவர்களின் புகைப்படங்கள் இருக்கும். மூன்றாவது வரிசையில் என் முகம்! அட்மிஷன் பாரத்தில் ஒட்டிய அதே போட்டோ, கீழே நான் இரண்டு மாதம் இருந்த கம்பெனியின் பெயர். எதிரில் இருந்த சோபாவில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் உட்கார்ந்து அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

இப்படி எண்ணிக்கை காட்டுவது புதிதல்ல. அமெரிக்காவில் கொரிந்தியன் காலேஜஸ் என்ற பெரிய நிறுவனத்தின் மீது 2014-இல் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு வழக்குப் போட்டது. ஒரே ஒரு நாள் நீடித்த வேலையைக்கூட வேலைவாய்ப்புக் கணக்கில் சேர்த்தார்கள் என்பதும் குற்றச்சாட்டில் இருந்தது. 2015-இல் நிறுவனம் மூடப்பட்டது. 2022-இல் அங்கே படித்த சுமார் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் அரசுக் கடனை அந்நாட்டு அரசு தள்ளுபடி செய்தது. என்னுடையது தனியார் கடன்.

இப்போது நான் இருக்கும் வேலையில், பக்கத்து மேசையில் இருப்பவர் பள்ளிப்படிப்போடு நேராக வந்தவர். எனக்கும் அவருக்கும் ஒரே வேலை, ஒரே சம்பளம். முதல் மாதச் சம்பளம் வந்த அன்று அவர் முழுச் சம்பளத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோனார். எனக்குச் சம்பளம் ஏறிய செய்தியும் தவணை பிடித்த செய்தியும் போனில் அடுத்தடுத்து வந்தன. சம்பளம் 100 என்றால் தவணை 27.

வருமானத்தில் எவ்வளவு வரை தவணைக்குப் போகலாம் என்பதற்கு அமெரிக்கக் கல்வித்துறை ஓர் அளவுகோல் வைத்தது. 2014-இல் வந்து, 2019-இல் கைவிடப்பட்டு, 2023-இல் மறுபடி கொண்டுவரப்பட்ட விதி. படித்தவர்களின் ஆண்டுத் தவணை ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்துக்குள், அல்லது அடிப்படைச் செலவு போக மிஞ்சும் வருமானத்தில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றது அது. சான்றிதழ்ப் படிப்புக் கடனை 10 ஆண்டுத் தவணையாகப் பிரித்து இதைப் பார்த்தார்கள். என் கடனையும் அதே 21 சதவீத வட்டியில் 10 ஆண்டுக்கு நீட்டிப் பார்த்தேன். அப்படியும் 14 சதவீதம் வருகிறது. 2023 விதியில் இன்னொன்றும் சேர்த்தார்கள்: படித்தவர்களின் வருமானம், பள்ளிப்படிப்போடு நின்றவர்களின் வருமானத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். பக்கத்து மேசையைப் பார்த்தாலே எனக்கு இதற்கு விடை தெரிந்துவிடுகிறது.

தங்கைக்கு நான் சொன்னது இதுதான். முழுச் சம்பளத்தையும் தவணையோடு ஒப்பிடாதே. இந்தச் சான்றிதழ் இல்லாமலே உனக்குக் கிடைக்கும் சம்பளத்தை முதலில் கழி. மிஞ்சுவதுதான் படிப்பு கொடுத்தது, தவணை அதற்குள் அடங்குகிறதா பார். வட்டி பிளாட்டா, குறையும் அசலுக்கா என்று எழுத்தில் கேள். ரீஃபண்ட் கடைசித் தேதியையும் எழுத்தில் வாங்கு. சுவரில் இருப்பவர்களில் இரண்டு பேரிடமாவது நேரில் பேசு. கையெழுத்தை அன்றைக்கே போடாமல் வீட்டுக்கு வா.

அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. என் படத்தை எடுத்துவிடச் சொல்லி நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் வரவில்லை. தவணை இன்னும் 14 இருக்கிறது.