பெரிய போர்ட்டட் ஒன்றா, சின்ன சீல்டு இரண்டா? மூடிய கான்கிரீட் அறைக்கு ஏற்ற சப்வூஃபர்

14-க்கு 11 அடி அறை, 10 அடி உயரம், ஒரு கதவு, ஒரு ஜன்னல். சுற்றிலும் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம். தமிழ்நாட்டில் வீட்டு மாடியில் ஹோம் தியேட்டருக்கென்று ஒதுக்கும் அறை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இந்த அறைக்கு 12 அங்குல போர்ட்டட் சப் (காற்றுக் குழாய் வைத்த சப்வூஃபர், அதாவது பேஸ் எனும் அடி ஒலிக்கான ஸ்பீக்கர்) ஒன்று வாங்குவதா, அதே அளவில் சீல்டு சப் (முழுதாக மூடிய பெட்டி) வாங்குவதா, இல்லை சீல்டையே இரண்டாக வைப்பதா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த அறைக்கு சீல்டு. இப்போது ஒன்று, கையில் காசு சேர்ந்ததும் அதே மாடலில் இன்னொன்று. உங்களுடையது கதவே இல்லாமல் சாப்பாட்டு இடத்தோடும் மாடிப்படியோடும் சேர்ந்து கிடக்கும் ஹால் என்றால் என் பதில் அப்படியே மாறிவிடும்.

அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்கள்

கடையில் முதலில் காட்டுவது கோன் (முன்னும் பின்னும் அசைந்து ஒலியை எழுப்பும் கூம்பு) அளவும் வாட்ஸும்தான். அந்த இரண்டை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்பதைக் காட்ட மூன்று மாடல்கள் போதும்: கிளிப்ஷ் ஆர்-120எஸ்டபிள்யூ, எஸ்விஎஸ் எஸ்பி-1000 ப்ரோ, எஸ்விஎஸ் பிபி-1000 ப்ரோ. மூன்றிலும் 12 அங்குல டிரைவர் (கோனோடு சேர்ந்த ஒலி எழுப்பும் பாகம்). கிளிப்ஷில் 200 வாட்ஸ் ஆர்எம்எஸ் (விடாமல் கொடுக்கக்கூடிய சக்தி), எஸ்விஎஸ் இரண்டிலும் 325 வாட்ஸ். தயாரிப்பாளர்கள் தரும் கணக்குப்படி போர்ட்டட் கிளிப்ஷ் 29 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு, எண் குறையக் குறைய ஒலி ஆழம்) வரை இறங்குகிறது, சீல்டு எஸ்பி 20 வரை, போர்ட்டட் பிபி 17 வரை. கோன் அளவு ஒன்றுதான், எட்டும் ஆழம் மூன்று விதம்.

வாட்ஸும் அப்படித்தான். ஆம்பின் சக்தியை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல். 200-க்கும் 325-க்கும் நடுவில் இருப்பது ஏறக்குறைய 2 டெசிபல். ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ (ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சச் சக்தி) வாட்ஸ் போட்டு விற்கும் பெட்டிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆர்எம்எஸ் எவ்வளவு, ±3 டெசிபலுக்குள் (சத்தம் அதைவிட அதிகம் ஏறாமல், இறங்காமல்) எந்த ஹெர்ட்ஸ் வரை இறங்கும், இந்த இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத பெட்டியை நான் வாங்க மாட்டேன்.

எவ்வளவு ஆழம் தேவை என்பது நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான்கு தந்தி பேஸ் கிடாரின் மிகக் கீழான சுரம் 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி என்றால் 31. பாட்டுக்கு 29 ஹெர்ட்ஸ் தாராளம். நேரத்தில் முக்கால்வாசி பாட்டு, எப்போதாவது ஒரு படம் என்றிருப்பவர்கள் கிளிப்ஷ் போன்ற ஒன்றை வாங்கிவிட்டு, மிச்சக் காசை முன் ஸ்பீக்கர்களில் போடலாம். படம் வேறு கதை. 5.1 சரவுண்ட் ஒலியில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்) அந்த ‘.1’ தனியாகச் சப்புக்கென்றே வரும் தடம். தியேட்டர் அளவுகோலில் மற்ற சேனல்களின் உச்சம் 105 டெசிபல், இந்தத் தடத்தின் உச்சம் 115. வெடிச்சத்தம், இடி, கட்டடம் சரிவது என்று வரும்போது ஒலி 30 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் போகும். அதைக் காதைவிட நெஞ்சும் நாற்காலியும்தான் அதிகம் உணரும். ஹோம் தியேட்டர் கட்டுவதே அதற்காக என்றால் 20 ஹெர்ட்ஸை இலக்காக வையுங்கள்.

பெட்டிக்குள் நடப்பது

சீல்டு பெட்டிக்கு எங்கும் ஓட்டை கிடையாது. உள்ளே அடைபட்ட காற்றே கோனுக்கு ஸ்பிரிங். 1954-இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எட்கர் வில்ச்சர் சின்னப் பெட்டியிலிருந்து ஆழமான பேஸை எடுத்துக் காட்டியது இந்த வழியில்தான். இதில் ஒலி ஓர் எல்லைக்குக் கீழே மெதுவாகக் குறையும்: அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் 12 டெசிபல். ஆனால் கோனுக்கு வேலை கடுமை. 40 ஹெர்ட்ஸில் கொடுத்த அதே சத்தத்தை 20-இல் கொடுக்க, கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். எஸ்பி-1000 ப்ரோ 20 ஹெர்ட்ஸ் எட்டுவதாகச் சொல்வது மிதமான சத்தத்தில்தான். வால்யூமை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் உள்ளே இருக்கும் லிமிட்டர் அடி ஒலியைப் பிடித்து நிறுத்திவிடும்.

போர்ட்டட் பெட்டியில் ஒரு குழாய் இருக்கும். பெட்டிக்காற்றும் குழாய்க்காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிரும். அந்த இடத்தில் கோன் அசைவதே குறைவு, சத்தத்தை குழாய் கொடுக்கிறது. அதனால்தான் அதே 325 வாட்ஸை வைத்துக்கொண்டு பிபி, 20 முதல் 30 ஹெர்ட்ஸ் பகுதியில் எஸ்பியைவிட நன்றாகவே ஓங்கி ஒலிக்கும். இதற்குக் கொடுக்கும் விலை இடம். எஸ்பி ஒவ்வொரு பக்கமும் 13, 14 அங்குலத்தில் அடங்கிவிடும், எடை சுமார் 12 கிலோ. பிபி 15 அங்குல அகலம், ஏறக்குறைய 19 உயரம், 20 ஆழம், எடை 19 கிலோவை ஒட்டி. 11 அடி அகல அறையில் இது கண்ணில் படாமல் இருக்காது. குழாயின் ஒத்ததிர்வுக்குக் கீழே போனால் அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் ஒலி 24 டெசிபல் சரியும். கோனைப் பிடித்து நிறுத்தவும் அங்கே எதுவும் இல்லை. நல்ல கம்பெனிகள் ஆம்பிலேயே ஃபில்டர் வைத்துக் காப்பாற்றுவார்கள். மலிவான பெட்டிகளில் குழாயிலிருந்து புஸ்புஸ்ஸென்று காற்றுச் சத்தம் வருவதையும் கேட்கலாம்.

‘சீல்டு என்றால் வேகமான பேஸ், போர்ட்டட் என்றால் மந்தம்’ என்ற பேச்சு எங்கும் உண்டு. ஓரளவு உண்மைதான். ஒத்ததிர்வை ஒட்டிய பகுதியில் போர்ட்டட் சற்றுத் தாமதமாகத்தான் அடங்கும். ஆனால் பிபி போன்ற பெட்டியில் அந்தப் பகுதி எந்தப் பாட்டுக்கும் மிகக் கீழே கிடக்கிறது. வீட்டில் நாம் கேட்கும் கொழகொழ பேஸுக்குப் பெரும்பாலும் காரணம் அறை.

அறைதான் பாதி சப்வூஃபர்

குளியலறையில் பாடும்போது சில சுரங்கள் மட்டும் கணீரென்று எழும்பும். பெரிய அறையிலும் அதேதான், சுரம் மட்டும் கீழே இறங்கிவிடும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அரை அலை பொருந்தும் அதிர்வெண்ணில் அறையே ஒத்ததிரும். நம்முடைய 14 அடி நீளத்துக்கு அது 40 ஹெர்ட்ஸ். 11 அடி அகலத்துக்கு 51, 10 அடி உயரத்துக்கு 56. ஆக 40-க்கும் 60-க்கும் நடுவில் மூன்று மேடுகள், அதாவது ஒலி மிகுந்து எழும்பும் அதிர்வெண்கள், நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. அமெரிக்க வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள் கொஞ்சம் வளைந்து கொடுத்து பேஸை வெளியே விட்டுவிடும். செங்கல்லும் கான்கிரீட்டும் விடாது. உள்ளேயே வைத்துச் சுழற்றும். அங்கே எழுதப்படும் விமர்சனங்களைப் படித்துவிட்டு இங்கே அப்படியே வாங்குவதில் இருக்கும் சிக்கல் இதுதான்.

அதே கெட்டிச் சுவர் ஒரு பெரிய உதவியும் செய்கிறது. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலை அறையைவிட நீளம். 20 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 17 மீட்டர், அதாவது 56 அடி. அங்கே சப் செய்வது மூடிய அறையின் காற்றழுத்தத்தை மொத்தமாக ஏற்றி இறக்குவது. கசிவே இல்லாத அறையில் இதனால் அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் 12 டெசிபல் கூட வேண்டும். சீல்டு பெட்டி இழப்பதும் அதே 12 டெசிபல்தான். கதவிடுக்கிலும் ஜன்னலிலும் கசிவதால் முழுதாகக் கிடைக்காது. பாதி கிடைத்தாலே சின்ன சீல்டு பெட்டிக்கு அது பெரிய வரம். லிமிட்டர் தலையிட வேண்டிய இடத்தில் அறை கைகொடுக்கிறது.

போர்ட்டட் பெட்டிக்கும் இந்த உதவி உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் ஏற்கெனவே 17 ஹெர்ட்ஸ் வரை நேராக வரும் ஒலியின் மேல் அறையும் ஏற்றினால் அடிப்பக்கம் மிஞ்சிவிடும். ஈக்யூ (குறிப்பிட்ட அதிர்வெண்ணின் சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதி) போட்டு வெட்டலாம், வெட்டிய அளவுக்கு ஆம்புக்கும் கோனுக்கும் ஓய்வு. அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் 1,540 கன அடி மூடிய அறைக்குத் தேவைப்படாத பலத்துக்காக இடத்தையும் காசையும் கொடுத்துவிட்டு அதை வெட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் காசு இரண்டாவது சப்பை நோக்கிப் போகட்டும்.

இரண்டாவது சப் எதற்கு

சத்தத்துக்காக அல்ல. அறையில் மேடுகள் இருப்பதுபோல் பள்ளங்களும் உண்டு. 14 அடிக்குச் சரிபாதியில், 7-ஆவது அடியில் சோபாவைப் போட்டால் அந்த 40 ஹெர்ட்ஸ் அங்கே ஏறக்குறைய காணாமல் போகும். பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் எல்லா மேடும் சேர்ந்து தலைமேல் விழும். மேட்டை ஈக்யூவால் வெட்டிவிடலாம். பள்ளத்தை நிரப்ப முடியாது. 6 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் நான்கு மடங்கு சக்தி கொடுக்கும், அந்த இருக்கையில் ஒலி அப்போதும் ரத்தாகிக்கொண்டே இருக்கும். விலையைக் கூட்டினாலும், 15 அங்குலத்துக்குப் போனாலும் ஒரே சப் இருக்கும்வரை இந்தப் பள்ளம் போகாது.

இரண்டு சப்பை எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்துப் பாருங்கள். முன்சுவர் நடுவில் ஒன்று, பின்சுவர் நடுவில் ஒன்று. நீளவாக்கில் எழும் 40 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வை ஒன்று ஒரு பக்கமாகத் தள்ளும், மற்றது எதிர்ப்பக்கமாகத் தள்ளும், இரண்டும் சமன். அகலத்துக்கான 51 ஹெர்ட்ஸுக்கு நடுப்புள்ளியே பள்ளம் என்பதால் அது கிளம்பவே கிளம்பாது. மூன்று மேடுகளில் இரண்டு இப்படியே அடங்கிவிடுகின்றன. ஹர்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் விரிவாகச் சோதித்தது. செவ்வக அறையில் எதிர்ச்சுவர் நடுக்களில் இரண்டு வைத்தாலே நல்ல பலன், நான்கு வைத்தால் இன்னும் நல்லது, அதற்கு மேல் கூட்டிப் பெரிய லாபம் இல்லை என்பது அதன் முடிவு.

விலையில் ஒளிவுமறைவு வேண்டாம். எஸ்பி இரண்டு வாங்கும் காசு பிபி ஒன்றைவிடக் கணிசமாக அதிகம். அதனால்தான் தவணையாக வாங்கச் சொல்கிறேன். தனியாக ஒருவர் மட்டும் உட்கார்ந்து பார்க்கும் அறை என்றால் ஒரு சப்பை நல்ல இடத்தில் வைத்துச் சமாளித்துவிடலாம், இரண்டாவது கட்டாயமில்லை. குடும்பமாக மூன்று, நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்தால் ஒவ்வொருவர் காதுக்கும் ஒவ்வொரு பேஸ் போவதை இரண்டாவது சப் இல்லாமல் தடுக்க வழியில்லை. வாங்கும்போது அதே மாடலையே வாங்குங்கள். ஒன்று சீல்டு, ஒன்று போர்ட்டட் என்று கலந்தால் அடிப்பகுதியில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், சீர்செய்வது பெரும் பாடு.

ரிச்சி ஸ்ட்ரீட் வழி

சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆம்ப் போர்டு, கார் வூஃபர் எல்லாம் வாங்கி, தச்சரிடம் பிளைவுட் பெட்டி அடித்து அசெம்பிள் செய்வது நம் ஊரில் நெடுநாள் பழக்கம். அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கார் வூஃபரை அதன் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காரின் உட்புறம் எட்டு, ஒன்பது அடிதான், ஆகவே மேலே சொன்ன அழுத்த உதவி அங்கே 60 ஹெர்ட்ஸுக்கு மேலேயே தொடங்கிவிடும். அதை நம்பி வடிவமைத்த வூஃபர் அறைக்குள் வந்ததும் 50 ஹெர்ட்ஸில் திம்திம்மென்று அடிக்கும், 25-இல் ஒன்றும் இருக்காது. நம் அறையின் மேடுகளும் அதே 50 பக்கம்தான்! இந்த வழியில்தான் போக வேண்டுமென்றால் டிரைவருக்குத் தீல்–ஸ்மால் அளவுகள் (பெட்டியைக் கணக்கிட உதவும் டிரைவரின் எண்கள்) இருக்கிறதா என்று பாருங்கள். நெவில் தீல் 1961-இலும் அவருக்குப் பின் ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளிலும் வகுத்த கணக்கு அது. அந்த எண்கள் இருந்தால் வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பெட்டியின் கன அளவைச் சரியாக எடுக்கலாம். இல்லையென்றால் சீல்டாகவே அடியுங்கள். அளவு சற்றுத் தவறினாலும் சீல்டு மன்னிக்கும், போர்ட்டட் மன்னிக்காது.

மற்றவர்களுக்கு

கதவில்லாத ஹால், டூப்ளெக்ஸ் வீடு: அழுத்தம் நிற்க வழியே இல்லை, அறை உதவாது. பிபி போன்ற போர்ட்டட்தான், முடிந்தால் அதைவிடப் பெரியது. அடுக்குமாடிக் குடியிருப்பு: அடி ஒலி சுவரையும் தளத்தையும் தாண்டிப் போவதை எந்த ரப்பர் காலும் முழுதாகத் தடுக்காது. 8 அங்குல சீல்டு ஒன்றைக் குறைந்த சத்தத்தில் ஓட்டுங்கள், அதிர்வு வேண்டுமென்றால் சோபாவுக்கு அடியில் திருகும் டேக்டைல் டிரான்ஸ்டியூசரை (அடி ஒலியை இருக்கையின் அதிர்வாக மாற்றும் கருவி) சேர்த்துக்கொள்ளுங்கள். கீழ்நோக்கி ஒலிப்பதா முன்நோக்கியா என்பதில் நேரம் செலவிட வேண்டாம், இவ்வளவு நீள அலைக்கு அது வேறுபாடே இல்லை.

சரி, முதல் சப் வந்துவிட்டது, இரண்டாவது வர நாளாகும். அதுவரை அதை எங்கே வைப்பது? சப்பை நீங்கள் உட்காரும் இருக்கையிலேயே தூக்கி வையுங்கள். பேஸ் கிடார் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவர் ஓரமாகத் தரையில் தலையைத் தாழ்த்தி நகர்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே சப்பை இறக்குங்கள். ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கர்களையும் ஓட்டும் ஆம்ப்) கிராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழே ஒலி சப்புக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வைத்து, சப்பின் சொந்த ஃபில்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். ரிசீவரோடு வந்த மைக்கை எடுத்து அறைக்கேற்ப ஒலியைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ செட்டப்பை ஓட்டுவது அதற்குப் பிறகுதான்.