வீட்டுக் கணினிக்கு மாதாமாதம் துப்புரவு தேவையா? ஒரு பழைய மேசைக் கணினியின் அனுபவம்

தில்லி மயூர் விஹாரில் உள்ள எங்கள் வீட்டில், 2014இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று இன்னும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. நான்காம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி ராம். முதலில் விண்டோஸ் 7, பிறகு இலவசமாகக் கிடைத்த விண்டோஸ் 10. தேவையற்ற கோப்புகளை நீக்கும் மென்பொருளால் மாதந்தோறும் 'கிளீன்' செய்யாவிட்டால் கணினி மந்தமாகிவிடும் என்று இங்குள்ள தமிழ் நண்பர்கள் பலர் இன்றும் நம்புகிறார்கள். என் கணினியைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

தற்காலிகக் கோப்புகளை அழித்தால் இடம் கிடைக்கும், வேகம் கிடைக்காது. டிஸ்க்கில் சும்மா கிடக்கும் கோப்பை எந்த நிரலும் திறக்காதவரை அது செயலிக்கோ நினைவகத்துக்கோ சுமையாவதில்லை. சி டிரைவ் ஏறக்குறைய நிரம்பிவிட்ட நிலை மட்டும் விதிவிலக்கு. அதற்கும் விண்டோஸ் 10இல் உள்ள, தேவையற்ற கோப்புகளைத் தானாக அழிக்கும் ஸ்டோரேஜ் சென்ஸே போதும். பிரவுசர் கேஷை அடிக்கடி அழிப்பதோ எதிர்விளைவையே தருகிறது, ஏனெனில் சேமித்து வைத்திருந்த படங்களையும் நிரல்களையும் ஒவ்வொரு தளத்திலிருந்தும் மறுபடி இறக்க வேண்டியிருக்கிறது.

விண்டோஸும் மென்பொருள்களும் தம் அமைப்பு விவரங்களைப் பதிந்து வைக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி. அதைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் இதைவிட மோசம். லட்சக்கணக்கான பதிவுகளில் சில நூறை நீக்குவதால் உணரத்தக்க மாற்றம் எதுவும் வராது. தவறான பதிவு ஒன்று போய்விட்டால் விண்டோஸையே மீண்டும் நிறுவ நேரலாம். இத்தகைய கருவிகளைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது. போதாததற்கு, பெரிதும் புகழ்பெற்ற துப்புரவு மென்பொருளான சிகிளீனரின் ஒரு பதிப்பிலேயே 2017இல் தீநிரல் புகுத்தப்பட்டு, அது லட்சக்கணக்கான கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பழக்கம் வெறும் மூடநம்பிக்கையாகத் தொடங்கியதல்ல. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிய கோப்புகளை டிஃபிராக் செய்து ஒழுங்குபடுத்துவதால் பலன் இருந்தது, அதை நாமே நினைவு வைத்துச் செய்யவும் வேண்டியிருந்தது. விஸ்டாவிலிருந்து அந்த வேலையை விண்டோஸே வாரந்தோறும் பின்னணியில் செய்துகொள்கிறது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி என்றால், டிஃபிராக்குக்குப் பதிலாக, அழித்த கோப்புகளின் இடம் காலி என்று தெரிவிக்கும் டிரிம் கட்டளையை அனுப்புகிறது. காரணம் போய்விட்டது, சடங்கு மட்டும் நிற்கிறது.

உண்மையான மாற்றம் வேறு இடங்களிலிருந்து வந்தது. தில்லியின் கணினிச் சந்தையான நேரு பிளேஸில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கிப் போட்ட அன்று, காபி கலந்துகொண்டு வரும்வரை காக்க வைத்த கணினி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் தயாராகிவிட்டது. கணினி தொடங்கும்போதே தாமாக ஓடும் நிரல்களைப் பட்டியலிடும், டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் பிரின்டர் உதவியாளர், கேம் லாஞ்சர், இரண்டு மீட்டிங் செயலிகள் ஆகியவற்றை முடக்கியதும் கொஞ்சம் உதவியது. இது ஒருமுறை செய்தால் போதாது. புதிதாக நிறுவப்படும் பல மென்பொருள்கள் கேட்காமலேயே அந்தப் பட்டியலில் ஏறிக்கொள்கின்றன.

தில்லியில் முறையாகச் செய்ய வேண்டிய துப்புரவு என்று ஒன்று உண்டென்றால், அது கேபினட்டுக்குள் இருக்கிறது. ஒரு கோடையில், வீடியோ மாற்றும்போதெல்லாம் விசிறி இரைந்து, வேலை பாதியில் தளர்ந்தது. திறந்து பார்த்தால், செயலிமேல் உள்ள விசிறிக்கும், வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே சாம்பல் நிறத் தூசு கம்பளிபோல் படிந்து, அலுமினியத் தகடுகளின் இடைவெளியே தெரியவில்லை. பல இன்டெல் செயலிகள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது சேதத்தைத் தவிர்க்கத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்; எந்த மென்பொருளாலும் இதைச் சரிசெய்ய முடியாது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பால்கனிக்குக் கொண்டுபோய், பெயின்ட் பிரஷ்ஷால் தூசை நெகிழ்த்தி, விசிறி தாறுமாறாகச் சுழன்று கெடாதபடி இதழை விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதினேன். செயலியின் வெப்பத்தை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருந்தது, அதையும் மாற்றினேன். அதன் பிறகு அதே வேலை தளராமல் முடிகிறது. மே, ஜூன் மாதங்களில் வீசும் ஆந்தி எனும் புழுதிப் புயல் ஓய்ந்ததும் ஒருமுறை, குளிர்காலப் புகைக்குப் பின் ஒருமுறை என்று இப்போது கேபினட்டைத் திறக்கிறேன். துப்புரவு மென்பொருள் எதுவும் இந்தக் கணினியில் இல்லை.