தோலைப் படமெடுக்க ஒரு கமரா: ஆறு வருடப் பாவனைக்குப் பிறகு

அட்டனில் ஒரு சின்னத் தோல் கிளினிக்கில் வேலை செய்கிறேன். டொக்டர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் கண்டியிலிருந்து வருவார், நடுவில் வருகிறவர்களைப் படமெடுத்து அவருக்கு அனுப்புவது என் பொறுப்பு. முதலில் எல்லாம் போனில்தான். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரின் கைச் சொறி ஒரே மாதத்தில் பாதி ஆறிவிட்ட மாதிரி படத்தில் தெரிந்தது, நேரில் பார்த்தால் அப்படியே இருக்கிறது. முதல் படம் ஜன்னல் ஓரத்தில் எடுத்தது, இரண்டாவது டியூப் லைட்டுக்குக் கீழே. போதாததற்கு போன் தானாகவே தோலை வெளுப்பாக்கி மழமழவென்று ஆக்கியிருந்தது. நம்மைப் போன்ற கறுத்த தோலில் சொறியின் சிவப்பு, சிவப்பாகவே தெரியாது, கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோதான் தெரியும். அதையும் வெளுக்க வைத்தால் டொக்டர் எதைப் பார்ப்பார்?

அப்புறம்தான் பழைய கெனன் கமரா பொடி (லென்ஸ் இல்லாத வெறும் கமரா) ஒன்றும், கிட்டப் போய்ச் சின்னதைப் பெரிதாக எடுக்கிற 60 மி.மீ. மெக்ரோ லென்ஸும் வாங்கினேன், இரண்டுமே செகண்ட் ஹேண்ட். எல்லாரும் 100 மி.மீ. வாங்கச் சொன்னார்கள். இரவல் வாங்கிப் பார்த்தேன், மருவுக்கு அருமை, ஆனால் முழு முதுகு எடுக்க ஒன்பது அடி பின்னால் போக வேண்டியிருந்தது, எங்கள் அறையே பத்தடி. 60 என்றால் ஆறடிக்குள் முடிந்துவிடும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கமரா பொடிக்கும் மெகாபிக்சலுக்கும் காசைக் கொட்டாதீர்கள், பிளாஷுக்குப் போடுங்கள். லென்ஸைச் சுற்றி மாட்டும் ரிங் பிளாஷ், லென்ஸின் துவாரம் எஃப் 11, ஷட்டர் 1/125 செக்கன், எல்லாம் மெனுவலில், அதாவது கையாலேயே வைப்பது. ஆறு வருடமாக இதை மாற்றவில்லை. நிறத்துக்கு ஒவ்வொரு நாளும் முதல் படத்தில் சாம்பல் அட்டை, அதை வைத்துத்தான் நிறத்தைச் சரிசெய்வது. ஓட்டோ ஃபோகஸும் வேண்டாம். லென்ஸில் உருப்பெருக்கத்தை ஒரே அளவில் வைத்துவிட்டு நாம்தான் முன்னும் பின்னும் அசைந்து ஃபோகஸ் பிடிக்க வேண்டும். அப்போதுதான் மார்ச் மாதப் படமும் மே மாதப் படமும் ஒரே அளவில் இருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன அடிமட்டம், பின்னால் நீலத் துணி. பூப்போட்ட திரைச்சீலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

உண்மையில் என்னை அசத்தியது போலரைசர்தான், ஒரு திசையில் அதிரும் வெளிச்சத்தை மட்டும் விடுகிற ஃபில்டர் அது. பிளாஷுக்கு முன்னால் ஒரு போலரைசர் தாள், லென்ஸில் இன்னொன்று, இரண்டையும் குறுக்காக வைத்தால் எண்ணெய்ப் பளபளப்பு முழுவதும் போய், அடியிலுள்ள நிறமும் சிவப்பும் வெளியே வரும். சரியாகப் பொருந்தியதா என்று பார்க்க ஒரு கரண்டியைப் படமெடுப்பேன், அதில் பிளாஷின் பளிச் மறைந்திருந்தால் சரி. வெளிச்சத்தை நிறையவே தின்னும், ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளி உணர்திறனை) ஏற்ற வேண்டும். செதில், சுருக்கம் எல்லாம் இதில் காணாமல் போகும் என்பதால் போலரைசர் இல்லாமலும் ஒரு படம் கட்டாயம். ரிங் பிளாஷுக்கும் ஒரு குறை உண்டு: நிழலே விழாது, மேடு தட்டையாகத் தெரியும். தடிப்பு என்றால் பக்கவாட்டில் ஒரு பிளாஷ் அடிப்பேன்.

“தம்பி, இந்த லைட்டே வருத்தத்தைச் சொல்லிருமா?” என்று அந்த அக்கா கேட்டார். இல்லைங்க அக்கா, டொக்டருக்குக் காட்டத்தான் என்றேன். முகம் தேவையில்லை என்றால் எடுப்பதில்லை, எழுத்தில் சம்மதம் வாங்குவோம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நசுக்கிவிடும், டொக்யூமெண்டாக அனுப்புங்கள்.

இனி ஈரம். மூன்றாவது வருட மழைக்காலத்தில் பையிலேயே கிடந்த லென்ஸுக்குள் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சணம். துப்புரவாக்கிய காசுக்கு இன்னொரு ஃபில்டர் வாங்கியிருக்கலாம், முழுக்க என் தப்பு. இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, ஈரப்பதமானி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் நிற்க வேண்டும், அதற்குக் கீழே ரொம்ப இறங்கவும் கூடாது. நீல ஜெல் ரோஸ் நிறமானால் சட்டியில் போட்டுச் சூடாக்குவேன். அந்தச் சட்டியை இனிச் சமையலறைப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.