22 பவுண்ட் வில் என்று சொல்லி 18,500 ரூபாயைச் சுருட்டிவிட்டான்

போன சனிக்கிழமை பார்சல் வந்தது, இன்று வியாழன். கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு வயது 13. மூன்று மாதமாக வில்வித்தை வகுப்புக்குப் போகிறாள். அங்கே பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நாலு வில். "எனக்குன்னு ஒண்ணு வேணும்மா" என்று தினமும் நச்சரிப்பு. "வளர்ற பிள்ளை, பவுண்ட் மாறிக்கிட்டே இருக்கும், ஆறு மாசம் போகட்டும்" என்றுதான் கோச் சொன்னார். பவுண்ட் என்பது நாணை இழுக்கத் தேவைப்படும் பலம். நான்தான் கேட்கவில்லை. பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில் தேடி, 18,500 ரூபாய்க்கு நுனி முன்பக்கம் வளைந்த ரீகர்வ் வில் ஒன்றைப் பிடித்தேன்.

ஏன் நம்பினேன் என்றால், விற்றவன் விலையைப் பற்றியே முதலில் பேசவில்லை. "அக்கா, பாப்பாவ ரெண்டு கையையும் விரிச்சு நிக்க வச்சு, இந்த விரல் நுனிலருந்து அந்த விரல் நுனி வரைக்கும் அளந்து சொல்லுங்க" என்றான். 155 செ.மீ. அதை இரண்டரையால் வகுத்து, "62 வருது. கிட்டத்தட்ட இருபத்து நாலரை இஞ்ச் இழுப்பு. 22 பவுண்ட் லிம்ப் கரெக்டா இருக்கும்" என்றான். இழுப்பு என்றால் நாணை எவ்வளவு தூரம் இழுக்கிறோம் என்பது; லிம்ப் என்றால் வில்லின் மேலும் கீழும் வளைகிற கைகள். கணக்கு சரிதான், கோச்சும் அப்படித்தான் பார்ப்பார். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா என்று நினைத்தேன். தெரிந்தவனால்தானே ஏமாற்றவே முடியும்!

அப்புறம் ஒரு வீடியோ அனுப்பினான். நாணில் மெழுகு தடவி, விரலால் தேய்த்துச் சூடேற்றி, லிம்பைத் துணியால் துடைக்கிறான். "என் தங்கச்சியோட வில்லுக்கா. வெயில்ல நிக்கிற கார்ல ஒரு நாள்கூட விட்டதில்ல." அந்த வீடியோ முழுக்க அவன் கட்டைவிரல் கீழ் லிம்பின் ஒரே இடத்தை மூடியிருக்கிறது. இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கே 18,500 ரூபாயையும் யுபிஐயில் அனுப்பிவிட்டேன்.

வில் வந்தது. மகளால் பாதிகூட இழுக்க முடியவில்லை. அவனிடம் கேட்டால், "தினம் பத்து புஷ்-அப் எடுக்கச் சொல்லுங்க, பழகிடும்."

ஞாயிற்றுக்கிழமை கோச்சிடம் கொண்டுபோனேன். கீழ் லிம்பில் ஒட்டியிருந்த பட்டாம்பூச்சி ஸ்டிக்கரை அவர் நகத்தால் சுரண்டினார். அடியில் 36 என்று அச்சு. 28 இஞ்ச் இழுத்தால் 36 பவுண்ட் என்று அர்த்தம். மகளுடைய இழுப்புக்கு அது கொஞ்சம் குறையும், ஆனாலும் பழகும் பிள்ளை தொடக்கூடிய வில்லே இல்லை. அப்புறம் நாணைப் பூட்டிப் பின்னாலிருந்து பார்க்கச் சொன்னார். மேல் லிம்பில் நாண் நடுவில் ஓடாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. லிம்ப் முறுக்கிவிட்டது. ஸ்ட்ரிங்கர் என்ற நாண் பூட்டும் கயிறு இல்லாமல் காலுக்கிடையில் கொடுத்து வளைத்து வளைத்து நாண் பூட்டினால் இப்படி ஆகுமாம். கடைசியாக ஒரு துண்டுப் பஞ்சை லிம்ப் ஓரமாக மெதுவாக இழுத்தார். ஓரிடத்தில் இழை சிக்கி நின்றது. கண்ணுக்கே தெரியாத விரிசல். "உடைஞ்சா முகத்துக்குப் பக்கத்துலதான் உடையும்" என்றார். அதைக் கேட்டபிறகு பணம் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை, ஒரு நிமிடம்.

அவனுக்குப் போட்டோ அனுப்பினேன். "அம்பு வைக்காம நாணை விட்டிருப்பீங்க, அதான் விரிசல்" என்றான். அம்பில்லாமல் நாணை விடக்கூடாது என்பது முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தது. ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டேன். "தங்கச்சி ஒட்டினது." அதோடு சரி, நம்பரை பிளாக் செய்துவிட்டான். ஆப்காரர்கள், "எங்கள் மூலம் பணம் செலுத்தாததால் உதவ இயலாது" என்ற அதே வரியை மூன்று முறை அனுப்பினார்கள். சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். 18,500 ரூபாய் திரும்பி வரும் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை.

பழைய வில் வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கீழ் லிம்பில் உள்ள எண்ணைப் போட்டோ கேளுங்கள். ஸ்டிக்கர் இருந்தால் உரிக்கச் சொல்லுங்கள். பஞ்சு ஐந்து ரூபாய்தான். வில்லைக் கோச் கையில் கொடுத்துப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

இன்று காலை அதே ஆப்பில் இன்னொரு விளம்பரம் பார்த்தேன். 20 பவுண்ட், 16,000 ரூபாய். வில் என் வீட்டுப் பரண்மேல் கிடக்கிறது. அதே வீடியோ, அதே கட்டைவிரல்.