லிப்மோட்பஸா, பைமோட்பஸா? லினக்ஸ், விண்டோஸ், மேக் கணினிகளில் நிறுவலும் பயன்பாடும்

1979இல் மோடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கணினிகள்) வெளியிட்ட மோட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற நெறிமுறை, எனர்ஜி மீட்டர், சோலார் இன்வெர்ட்டர், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி, வெப்பநிலைக் கட்டுப்படுத்தி எனத் தொழிற்சாலையின் மூலைமுடுக்கெல்லாம் இன்றும் புழங்குகிறது. இவற்றைக் கணினியிலிருந்து படிக்க நிரல் எழுதுவோர் முன் பெரும்பாலும் இரண்டு நூலகங்கள் வந்து நிற்கின்றன. ஒன்று சி மொழியில் எழுதப்பட்ட லிப்மோட்பஸ். மற்றொன்று முழுக்கப் பைத்தானிலேயே எழுதப்பட்ட பைமோட்பஸ். சி வேகமானது, பைத்தான் எளிதானது என்று சொல்லிவிட்டுப் பலரும் முடிவெடுத்துவிடுகிறார்கள். மோட்பஸைப் பொறுத்தவரை அந்த அளவுகோல் பொருந்தாது என்பதே என் கருத்து.

பல சாதனங்களை ஒரே சீரியல் இணைப்பில் கோக்கும் ஆர்எஸ்-485 கம்பியில் 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஓடும் ஒரு மீட்டரை எடுத்துக்கொள்வோம். ஸ்டார்ட் பிட், பாரிட்டி பிட், ஸ்டாப் பிட் எல்லாம் சேர்த்து ஒரு பைட்டுக்கு 11 பிட் செலவாகிறது. பத்து ரெஜிஸ்டர்களை (சாதனம் தன் அளவீடுகளை வைத்திருக்கும் 16 பிட் இடங்கள்) கேட்கும் கேள்வி 8 பைட், அதற்கான பதில் 25 பைட். ஆக, கம்பியில் மட்டுமே ஏறக்குறைய 38 மில்லிவிநாடி போய்விடுகிறது. அதற்கு மேல் சட்டகங்களுக்கிடையே (ஒவ்வொரு கேள்வியும் பதிலும் ஒரு சட்டகம்) மூன்றரை எழுத்து நேர மௌனமும், மீட்டர் யோசித்துப் பதில் தர எடுத்துக்கொள்ளும் நேரமும் உண்டு. எஃப்டிடிஐ சில்லு கொண்ட யுஎஸ்பி மாற்றி என்றால், அதன் டிரைவரில் இயல்பாகவே 16 மில்லிவிநாடியாக இருக்கும் லேட்டன்சி டைமரும் (வந்த தரவைக் கணினிக்கு அனுப்பும் முன் காத்திருக்கும் நேரம்) இதில் சேர்ந்துகொள்ளலாம். இந்தக் காத்திருப்புகளுக்கு முன்னால் பைத்தான் எடுத்துக்கொள்ளும் கூடுதல் நேரம் ஒரு பொருட்டே அல்ல.

உண்மையான வேறுபாடு நிறுவும்போதே தெரிந்துவிடும். டெபியன், உபுண்டு கணினிகளில் லிப்மோட்பஸின் மேம்பாட்டுத் தொகுப்பை ஆப்ட் என்ற நிறுவல் கருவி வழியாக ஒரே வரியில் நிறுவலாம். மேக்கில் ஹோம்ப்ரூ என்ற நிறுவல் கருவி அதே வேலையைச் செய்துவிடும். மூலநிரலிலிருந்து கட்டி நிறுவினால், பகிர்வு நூலகக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற பிழை முதல் ஓட்டத்திலேயே வரக்கூடும். நூலகங்களின் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையை ஒருமுறை இயக்கினால் பெரும்பாலும் அது தீர்ந்துவிடும். விண்டோஸில்தான் லிப்மோட்பஸ் பொறுமையைக் கேட்கிறது. விஷுவல் ஸ்டுடியோவில் கட்டுவதா, எம்சிஸ்2 சூழலில் கட்டுவதா, விசிபேக்கேஜ் (vcpkg) என்ற தொகுப்பு மேலாளர் வழியாக எடுப்பதா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும்; விண்டோஸின் நெட்வொர்க் நூலகமான வின்சாக்கை இணைக்க மறக்கக் கூடாது; நிரலைக் கொண்டுபோய் வைக்கும் ஒவ்வொரு கணினியிலும் டிஎல்எல் கோப்பு உடன் செல்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

பைமோட்பஸில் மூன்று இயங்குதளங்களுக்கும் பைத்தான் தொகுப்புகளை நிறுவும் ஒரே பிப் கட்டளை போதும். சீரியல் போர்ட் தேவையென்றால் அதற்கான கூடுதல் பகுதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இல்லையெனில் சீரியல் போர்ட்டைக் கையாளும் பைசீரியல் நூலகம் நிறுவப்படாமல், ஆர்டியூ (சீரியல் கம்பி வழி மோட்பஸ்) இணைப்பு தொடக்கத்திலேயே தோற்றுவிடும். டெபியன் 12 முதல், கணினியின் பைத்தானுக்குள் நேரடியாக நிறுவ பிப் மறுத்துவிடுகிறது. அந்த மறுப்பைக் கட்டளை விருப்பத்தால் மீறாமல், திட்டத்துக்கென ஒரு மெய்நிகர் சூழலை உருவாக்கிக்கொள்வதே நல்லது.

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிகளில், சீரியல் போர்ட் அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் பயனரைச் சேர்க்காவிட்டால் இரண்டு நூலகங்களும் போர்ட்டைத் திறக்காது. உபுண்டு 22.04இல் சிஎச்340 சில்லு கொண்ட யுஎஸ்பி மாற்றியைச் செருகியும் போர்ட் தோன்றாமல் போனால், பிரெய்ல் திரைக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் காம்10 முதலான போர்ட்களுக்குப் பெயரின் முன் ஒரு சிறப்பு முன்னொட்டு தேவை. பைசீரியல் அதைத் தானே சேர்த்துக்கொள்கிறது. லிப்மோட்பஸுக்கு நாம்தான் சேர்த்துத் தர வேண்டும்.

பயன்பாட்டில் நான் அதிகம் கவனிப்பது, ஒரு சாதனம் பதில் தராதபோது நூலகம் என்ன செய்கிறது என்பதைத்தான். லிப்மோட்பஸ் இயல்பாக அரை விநாடி காத்திருந்து பிழையைத் திருப்பித் தந்துவிடும். மறுமுயற்சி நம் பொறுப்பு. பைமோட்பஸின் இயல்புக் காத்திருப்பு 3 விநாடி, அதனுடன் மறுமுயற்சிகளும் உண்டு. ஒரே கம்பியில் முப்பது மீட்டர்கள் இருக்கும் இடத்தில் ஒன்று செத்துப்போனால், அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாமே ஒவ்வொரு சுற்றிலும் பல விநாடிகள் காத்துக்கிடக்கும். ஆகவே பைமோட்பஸில் இவ்விரு மதிப்புகளையும் முதல் நாளே குறைத்து வைக்க வேண்டும். லிப்மோட்பஸில் ஆபத்து வேறு வகையானது. ஆர்டியூ சட்டகத்தில், நெட்வொர்க் வழியாகச் செல்லும் டிசிபி வடிவத்தில் இருப்பதுபோல், எந்தக் கேள்விக்கான பதில் என்று காட்டும் பரிவர்த்தனை எண் கிடையாது; காலம் கடந்து வரும் பதில், அதே சாதனத்திடம் அடுத்துக் கேட்ட கேள்விக்கான பதிலாகப் படிக்கப்படக்கூடும். காத்திருப்பு முடிந்து பிழை வந்த ஒவ்வொரு முறையும் பஃபரை (வந்த பைட்டுகள் தற்காலிகமாகத் தங்கும் இடம்) துடைத்துவிட்டு அடுத்த கேள்விக்குச் செல்வது அவசியம்.

காலப்போக்கில் நிலைத்து நிற்பதில் லிப்மோட்பஸ் தெளிவாக மேலானது. அதன் அடிப்படைச் செயற்கூறுகள் பெரும்பாலும் மாறாமல் இருப்பதால், பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய நிரலும் சிரமமின்றிக் கட்டப்படுகிறது. பைமோட்பஸிலோ சாதன எண்ணைக் குறிக்கும் அளவுருவின் பெயர் யூனிட் என்றிருந்து, 3.0 பதிப்பில் ஸ்லேவ் என்றாகி, 3.10இல் டிவைஸ் ஐடி என மாறிவிட்டது. பழைய எடுத்துக்காட்டை நகலெடுத்துப் புதிய பதிப்பில் ஓட்டுபவருக்கு முதலில் கிடைப்பது பிழைச் செய்திதான். பதிப்பு எண்ணைத் தேவைக் கோப்பில் உறுதியாகக் குறித்துவைக்காமல் பைமோட்பஸைத் தொழிற்சாலைக் கணினிக்குக் கொண்டுபோகவே கூடாது என்பேன்.

தரவைச் சேகரித்துத் தரவுதளத்தில் எழுதும் கணினிக்கோ ராஸ்பெரி பைக்கோ, அதிலும் சில இடங்களில் விண்டோஸும் சில இடங்களில் லினக்ஸும் கலந்திருந்தால், நான் பைமோட்பஸையே தேர்வேன். நினைவகம் குறைந்த கேட்வே கருவிக்கும், ஏற்கெனவே சி++இல் இருக்கும் மென்பொருளுக்கும் லிப்மோட்பஸ்தான் பொருந்தும். கருவியை விற்பனைக்குக் கொண்டுசெல்பவர் உரிமத்தையும் பார்க்க வேண்டும்: பைமோட்பஸின் பிஎஸ்டி உரிமம் மிகவும் தளர்வானது, லிப்மோட்பஸின் எல்ஜிபிஎல் உரிமம் மூடிய மென்பொருளுடன் இணைப்பதை அனுமதித்தாலும், நூலகத்தைப் பயனர் மாற்றிப் பொருத்திக்கொள்ள வழிவிட வேண்டும் என்கிறது. அதற்கு, நூலகத்தைத் தனிக் கோப்பாக வைத்து ஓடும்போது இணைக்கும் டைனமிக் லிங்கிங் முறையே எளிய வழி.