வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி: நைன்ச்சா புத்தகங்கள்

மகளுக்கு இப்போது நாலரை வயது. அவளுக்கு ஒன்றரை வயதானதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு முயலும் கூடவே வளர்கிறது. நெதர்லாந்தில் பிள்ளை வளர்ப்பவர்கள் யாரும் இதனிடமிருந்து தப்ப முடியாது. சாப்பாட்டுத் தட்டு, பல் பிரஷ், இரவு விளக்கு, மழைக்குடை என்று எங்கே திரும்பினாலும் இரண்டு நீளக் காது, இரண்டு கரும்புள்ளிக் கண், வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. சின்னப் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்களில் வரும் முயல், பெயர் நைன்ச்சா. டச்சில் முயல்குட்டியை 'கொனைன்ச்சா' என்பார்கள். அதில் முன்பாதியை விழுங்கிவிட்டு மழலையாகச் சொன்னால் இந்தப் பெயர் வரும். ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு இவள் மிஃபி.

ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வேனுக்குப் புதிதாகக் குடிவந்த இரண்டு மூன்று அம்மாக்கள், "அந்த முயல் புத்தகத்தை வாங்கலாமா, காசு தண்டமா?" என்று கேட்டுவிட்டார்கள். கேள்வியிலேயே சந்தேகம் தெரிகிறது. எனக்கும் அதே சந்தேகம் இருந்தது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். சதுரப் புத்தகம், ஒரு பக்கம் பதினைந்தரை சென்டிமீட்டர். என் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். திறந்தால் இடப்பக்கம் நாலு வரி, வலப்பக்கம் ஒரு படம். இப்படிப் பன்னிரண்டு, அவ்வளவுதான். இரண்டாவது வரியும் நாலாவது வரியும் ஒரே ஓசையில் முடியும், நம் இயைபு மாதிரி. எல்லாமே சின்ன எழுத்து, பெயருக்குக்கூடப் பெரிய எழுத்து கிடையாது. புதிதாக வாங்கினால் ஏழெட்டு யூரோ. "நாற்பத்தெட்டு வரிக்கு எட்டு யூரோ. வரிக்கு என்ன விலை ஆச்சுன்னு கணக்குப் போடு" என்றார் என் வீட்டுக்காரர். போட்டேன். கிட்டத்தட்ட பதினேழு சென்ட்.

அந்த நாற்பத்தெட்டு வரியில் என்ன நடக்கிறது? கடற்கரைக்குப் போகும் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா முயல், கடலுக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்கிறது. போகிறார்கள். குட்டி மணலைத் தோண்டுகிறது, சிப்பி பொறுக்குகிறது. திரும்பி வரும்போது தூங்கிவிடுகிறது. ஓநாய் வராது, அலை இழுத்துக்கொண்டு போகாது, குட்டி தொலைந்துகூடப் போகாது. முதல் தடவை படித்து முடித்ததும், அச்சகத்தில் நாலு பக்கம் விட்டுப்போச்சோ என்று கடைசி அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

இதை உருவாக்கிய டிக் ப்ரூனா உத்ரெக்ட் நகரத்துக்காரர். 1927இல் பிறந்து 2017இல் இறந்தார். குடும்பத் தொழில் பதிப்பகம். அங்கே மலிவு விலை நாவல்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தவர். நம் ஊர் பேருந்து நிலையக் கடையில் தொங்கும் பாக்கெட் நாவல் இருக்கிறதே, அந்த இனம். ரயிலுக்கு ஓடுகிறவன் கண்ணில் ஒரு நொடியில் பட வேண்டிய அட்டைகள் அவை. ஆகவே வேண்டாததை எல்லாம் கழித்துக் கழித்து வரைவது அவருக்குக் கைப்பழக்கம். 1955இல் எக்மொண்ட் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போனபோது, அங்கே பார்த்த முயலைப் பற்றி மகனுக்குச் சொன்ன கதைதான் புத்தகமாயிற்று. முதலில் வந்த முயல் வேறு மாதிரி, துவண்ட துணிப் பொம்மைபோல இருக்கும். இன்றைக்கு நாம் பார்க்கும் உருவமும் சதுர வடிவமும் 1963 பதிப்பில் வந்தவை. மொத்தம் 32 நைன்ச்சா புத்தகங்கள், ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள். தமிழில் நான் பார்த்ததில்லை.

உத்ரெக்ட் அருங்காட்சியகத்தில் அவருடைய வேலை அறையை அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் கோடுகளைக் கூர்ந்து கவனிக்க ஆரம்பித்தேன். கறுப்புக் கோடு பேனாவால் போட்டதில்லை, தூரிகையால் மெதுவாக இழுத்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோலம் போடும் கைபோல லேசாக நடுங்கியிருப்பது தெரியும். வண்ணம் தீட்டியதும் இல்லை, வண்ணக் காகிதத்தைக் கத்தரித்து வைத்தது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, பின்னாளில் கொஞ்சம் பழுப்பும் சாம்பலும். நிழல் கிடையாது. முயல் எப்போதும் நேராக நம்மைத்தான் பார்க்கும். நடந்து போகும்போதும் முகம் நம் பக்கம்தான். அதே ஊரில் ஒரு சிக்னலில் மனித உருவத்துக்குப் பதில் இவள்தான் சிவப்பிலும் பச்சையிலும் நிற்கிறாள். என் மகளுக்காக அந்தச் சாலையை நாலு தடவை குறுக்கே கடந்தோம், எதிர்ப்பக்கத்தில் ஒரு வேலையும் இல்லாமல்.

மற்ற பெற்றோர்கள் சொல்வதையும் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு டச்சுப் பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பனிக்காலப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மனப்பாடமாகச் சொல்கிறார். தன் பிள்ளைகளுக்குப் படித்தது, இப்போது பேரன்களுக்கு. "நல்லா இருக்கா இல்லையான்னு நான் யோசிச்சதே இல்ல. நீ பால் நல்லா இருக்கான்னு யோசிப்பியா?" என்றார்.

மகளின் பள்ளி வாசலில் எனக்குப் பழக்கமான போலந்து அம்மா, இந்தப் புத்தகத்தை வைத்து டச்சு படித்தவர். வாக்கியம் சின்னது, கூடவே படம், அதனால் மொழி ஏறும் என்பது அவர் கட்சி. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். இயைபுக்காக ப்ரூனா சொற்களை முன்னே பின்னே தூக்கிப் போட்டிருப்பார். பழைய புத்தகங்களில் இன்றைக்குக் கடைத்தெருவில் யாரும் பேசாத சொற்கள் வரும். நான் ஒரு தடவை அப்படி ஒரு சொல்லை ரொட்டிக் கடையில் எடுத்துவிட, அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

சென்னையிலிருந்து வந்த தோழிக்கு இந்த முயலே ஆகாது. அம்மா முயல் சமையலும் கடையும், அப்பா முயல் ஊர் சுற்றக் கூட்டிக்கொண்டு போகும். "இதுக்கு நான் ஊர்லயே இருந்திருப்பேனே" என்பாள். குறை நியாயமானது. பழைய புத்தகங்களில் அது பளிச்சென்று தெரிகிறது. அவள் மகனும் இரண்டே நாளில் தூக்கிப்போட்டுவிட்டான், அவனுக்கு மடிப்பைத் திறந்து பார்க்கும் புத்தகம்தான் வேண்டும். துறுதுறு பிள்ளைகளுக்கு இது பிடிக்காமல் போகலாம். நாலு வயது தாண்டிய பிள்ளைக்குப் புதிதாக அறிமுகம் செய்யவும் வேண்டாம். ஒன்றரைக்கும் மூன்றரைக்கும் நடுவில்தான் இதற்குக் காலம்.

என் மனம் மாறியது அம்மா வந்த பிறகு. மதுரையிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்தார். ஆங்கிலமே அவருக்குக் கடைப் பலகை படிக்கிற அளவுதான், டச்சு சுத்தம். வந்த இரண்டாம் நாள் பேத்தி புத்தகத்தைக் கொண்டுபோய் மடியில் வைத்துவிட்டாள்.

"ஏன்டி, இது வாயத் தச்சு வச்சிருக்கு?"

"அது நைன்ச்சா, அம்மாச்சி."

"நெனச்சாவா? என்னத்த நெனச்சா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பெயர் நெனச்சா. அம்மா படித்த விதத்தைச் சொல்ல வேண்டும். இடப்பக்கத்து நாலு வரியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, படத்தை மட்டும் பார்த்தார். முதல் புத்தகத்தில் இறக்கை வைத்த குட்டித் தேவதை வந்து, பிள்ளை பிறக்கப்போகிறது என்று அம்மா முயலிடம் சொல்லும். "குலசாமி வந்து வாக்குச் சொல்லுது" என்று ஆரம்பித்து, மொட்டை, காதுகுத்து வரைக்கும் போனார். கடற்கரைப் புத்தகம் ராமேஸ்வரம் ஆயிற்று. சிப்பி பொறுக்கிய முயலுக்கு அக்னி தீர்த்தத்தில் முழுக்கு. நான் பத்து நிமிஷத்தில் படித்து முடிக்கிற புத்தகம் அவரிடம் முக்கால் மணி நேரம் ஓடியது. மறுநாள் அதே படத்துக்கு வேறு கதை. பேத்தி விடவில்லை: "இல்ல அம்மாச்சி, நேத்து நெனச்சா இட்லி சாப்பிட்டா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன், அவர் அதை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். பக்கம் முழுக்க மரமும் பறவையும் பட்டமும் நெருக்கி வரைந்த புத்தகங்கள் எங்களிடம் நிறைய உண்டு. அவற்றைக் கொடுத்தால் அம்மா, "அதான் எல்லாம் போட்டிருக்கே, பாரு" என்று சொல்லிவிடுவார். இதில் ஒரு வெள்ளை முயல், ஒரு நீல வானம். மிச்சத்தை யாராவது சொல்லியாக வேண்டும். முயலுக்குச் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. மிஞ்சிப்போனால் கன்னத்தில் ஒரு துளி. அதனால் அன்றைக்கு வீட்டில் என்ன நிலவரமோ அதுவே முயலுக்கும் வந்துவிடும். மகள் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்த நாளில் நெனச்சாவுக்கும் காய்ச்சல்.

ஒரு புத்தகத்தை மட்டும் நான் ஒளித்து வைத்திருந்தேன். 1996இல் வந்தது, பாட்டி முயல் இறந்துபோகும் கதை. தாத்தா அழுவார், பாட்டி கண் மூடிப் படுத்திருப்பார், பிறகு பெட்டி, பிறகு காட்டுக்குள் கல்லறை. குட்டி முயல் அங்கே போய்ப் பாட்டியைக் கூப்பிடும், பாட்டிக்குக் கேட்கும் என்று அதற்குத் தெரியும். வேறெந்த ஒப்பனையும் இல்லை. மேகத்துக்கு மேலே போய்விட்டார், நட்சத்திரமாகிவிட்டார் என்ற பூச்சு வேலை எதுவும் இல்லை. டச்சுப் பெற்றோர்கள் இதை மூன்று வயதுக்கே படித்துக் காட்டுகிறார்கள். நானோ, அம்மா வீட்டில் இருக்கும்போது இது கண்ணில் படவே கூடாது என்று துணி அலமாரிக்கு மேலே போட்டிருந்தேன். அம்மா தன் சூட்கேஸை எடுக்க ஏணி வைத்து ஏறியபோது தலையில் விழுந்தது.

நான் அடுக்களையிலிருந்து ஓடிவருவதற்குள் பாதிப் புத்தகம் போய்விட்டது. "பாட்டி செத்துப்போச்சு" என்று நேராகவே சொல்லிவிட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பேத்தி கேட்டாள், "நீயும் இப்பிடிப் படுத்துக்குவியா?"

"ஆமா, பின்ன? ஆனா இந்தப் பெட்டியெல்லாம் நமக்கு வேணாம். எனக்கு அந்த அரக்குக் கலர்ப் பட்டுச் சேலையக் கட்டணும். ஒங்கம்மா மறந்துருவா, நீ ஞாபகமாச் சொல்லணும்."

"சரி" என்றாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினார்கள்.

இந்தத் தொடரில் ஒன்றே ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் இதை வாங்குங்கள். மூன்று வயதுக்குப் பிறகு. முதலில் நீங்கள் தனியாக ஒரு தடவை படித்துவிடுங்கள், எனக்கு இன்னமும் அந்தக் கன்னத்துத் துளியைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது. அடுத்து கடற்கரை, பனி, மிருகக்காட்சிசாலை. கடைக்குப் போன இடத்தில் மிட்டாய் எடுத்துவிட்டுத் தூக்கம் வராமல் தவிக்கும் புத்தகமும் நல்லது, ஆனால் அது கொஞ்சம் பாடம் நடத்துகிறது. பழையவற்றில் அந்த நெடி குறைவு.

காசு விஷயம். எட்டு யூரோ கொடுத்துப் புதிதாக வாங்கவே தேவையில்லை. இங்கே பிள்ளைகளுக்கு நூலகம் இலவசம், அங்கே ஒரு பெட்டி நிறைய இருக்கும். இல்லையென்றால் ஏப்ரல் 27, அரசர் தினம் வரை பொறுங்கள். தெருவெல்லாம் பிள்ளைகள் பாய் விரித்துப் பழைய சாமான் விற்பார்கள். எங்கள் வீட்டில் இருப்பதில் பாதி அப்படி ஒரு யூரோவுக்கு வந்தது, உள்ளட்டையில் வேறு யார் பெயரோ கிரேயானில் கிறுக்கியிருக்கும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் தாள் பதிப்பு வேண்டாம், கெட்டி அட்டைப் பதிப்பைப் பாருங்கள். எங்கள் பனிக்கால நைன்ச்சாவுக்கு ஒரு காது செல்லோடேப்பில்தான் நிற்கிறது. தட்டு, விளக்கு, பொம்மை எல்லாம் உங்கள் இஷ்டம். நான் வாங்கிக் கெட்டேன்.

அம்மா ஊருக்குப் போகும்போது கடற்கரைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பட்டுச் சேலைக்கு நடுவில் வைத்துக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுப் பேரனுக்காம். போன வாரம் கேட்டேன், "அம்மா, அந்தப் பையனுக்குக் குடுத்தியா?"

"எங்குட்டுக் குடுக்கிறது? ராத்திரி எட்டரைக்கு இவ போன் பண்ணுவாள்ல, அதுக்கு வேணாமா?"