கிருஷ்ணகிரி தனியார் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை: பாடச்சுமை குறித்த மூன்றாண்டு அனுபவம்

கிருஷ்ணகிரியை ஒட்டிய மெட்ரிக் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த எங்கள் மகள் இந்த ஆண்டு எட்டாம் வகுப்பை முடித்திருக்கிறாள். அங்கே படிப்பு கடினம் என்பதைவிட எழுத்து வேலை மிகுதி என்பதே நாங்கள் கண்டது. சேர்க்கையின்போது இவ்விரண்டையும் ஒன்றாகவே காட்டுகிறார்கள்.

அரசுப் பள்ளிகளில் உள்ள அதே பாடநூல்கள்தாம் இங்கும். 2012-13இல் வந்த முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு (வகுப்புச் செயல்பாடுகள், சிறு தேர்வுகள்) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ இறுதித் தேர்வு) 60 மதிப்பெண் என்று பிரித்ததே மனப்பாடத் தேர்வின் பளுவைக் குறைக்கத்தான். இப்பள்ளியிலோ அந்த 40 பெரும்பாலும் கணினி மையத்தில் அச்செடுத்து ஒட்டிய சார்ட்டுகளுக்குப் போய்விடுகிறது. அதற்கு மேல் ஏறக்குறைய நாள்தோறும் ஸ்லிப் டெஸ்ட், தவறினால் இம்போசிஷன்.

ஆறு முதல் எட்டு வரையிலான மாணவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வீட்டுப்பாடம் கூடாது என்று ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. மாலை இருட்டும் நேரத்தில் வேனிலிருந்து இறங்கும் பிள்ளை, ரஃப் நோட்டில் எழுதிய வினா விடையை அப்படியே ஃபேர் நோட்டில் பெயர்த்தெழுதவே அந்த ஒரு மணி நேரம் தீர்ந்துவிடும். படிப்பதெல்லாம் அதன் பிறகுதான்.

உண்மையான கண்டிப்பை எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியையிடம் பார்த்தோம். நாளுக்கு ஒரே ஒரு கணக்குத்தான் கொடுப்பார், ஆனால் அதை இரண்டு வழிகளில் செய்துவர வேண்டும். விடை பிழைத்தாலும் படிகள் சரியாக இருந்தால் மதிப்பெண் தருவார், விடை மட்டும் சரியாக இருந்தால் கரும்பலகைக்கு அழைத்து விளக்கச் சொல்வார். எங்கள் மகள் கைடைத் தொடாமல் கணக்குப் போட்டது அந்த ஆண்டில்தான். வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து வரும் தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகளைச் சலிக்காமல் பேசவைத்த தமிழாசிரியரையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

ஏழாம் வகுப்பிலிருந்து நீட், ஜேஇஇ பெயரில் தனிக் கட்டணத்துடன் சனிக்கிழமை ஃபவுண்டேஷன் வகுப்பு நடக்கிறது. வகுப்பில் இன்னும் தொடாத பாடத்தின் சூத்திரங்களை ஒப்பிக்கச் செய்வதால், ஓய்வு நாள் போனதைத் தவிர பெரிய பயன் தெரியவில்லை.

சேர்க்க நினைப்பவர்கள் நுழைவாயிலில் உள்ள ரேங்க் பேனரை விட்டுவிட்டு, அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் கணித நோட்டைக் கேட்டுப் பாருங்கள். நாங்கள் ஒன்பதாம் வகுப்பையும் அங்கேயே தொடர்கிறோம், ஃபவுண்டேஷன் கட்டணம் மட்டும் கட்டவில்லை.